335 புள்ளி எடுத்து 272 மட்டும் கொடுத்த அணி 12-ல் 9 ஆட்டம் தோற்றது எப்படி?

கேள்வி இதுதான்: 2021 சீசனில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 12 ஆட்டம் ஆடி 3 மட்டும் ஜெயித்தது, ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எதிரணிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறது. இது துரதிர்ஷ்டமா, கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட்டின் தப்பா, இப்படி ஒரு சீசனுக்குப் பிறகும் அவரை வைத்துக்கொண்டது சரியா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரதிர்ஷ்டம் உண்டு, இரண்டு மூன்று தோல்வியை வேண்டுமானால் அதன் கணக்கில் எழுதலாம். மீதியெல்லாம் அணி தானே தேடிக்கொண்டது, அதிலும் கணிசமான பகுதி யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத உதை ஆட்டத்தில் போனது. ஆனால் அந்த வருடத்தின் மிகப் பெரிய தப்பு மைதானத்துக்கு வெளியே நடந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்: வாராவாரம் கொஞ்சத்தில் தோற்றதை, இன்னும் ஒரு படிதான் பாக்கி என்று பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக நாலு வரி. பந்து கையில் இருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்பு உண்டு, முன்னேறிவிட்டால் திரும்ப 4 கிடைக்கும். மைதானத்தின் இரு முனையிலும் எண்ட் ஸோன் என்று ஒரு பகுதி உண்டு, பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் போய்விட்டால் டச் டவுன், 6 புள்ளி, அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 1, அல்லது துணிந்து உள்ளே கொண்டுபோனால் 2. உள்ளே போக முடியாவிட்டால் தூரத்திலிருந்து உதைத்து ஃபீல்ட் கோலாக 3 எடுக்கலாம். அதற்கும் வழியில்லை என்றால் நாலாவது வாய்ப்பில் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து அனுப்பிவிடுவார்கள், அதற்குப் பெயர் பன்ட். சொந்த எண்ட் ஸோனுக்குள் மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 2 புள்ளி, அது சேஃப்டி. உதை சம்பந்தப்பட்ட கட்டங்களுக்கென்று தனியாக இறங்கும் ஆட்களைத்தான் ஸ்பெஷல் டீம்ஸ் என்கிறார்கள். ஒரு தாக்குதலில் அதிகபட்சம் 8 புள்ளிதான் எடுக்க முடியும் என்பதால் 8 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் முடிந்த ஆட்டத்தை ஒரே ஸ்கோர் ஆட்டம் என்று சொல்வார்கள். இந்தப் பதிலில் அந்தச் சொல் அடிக்கடி வரும்.

அடுத்து, இது ஏன் அந்த ஊருக்கு அவ்வளவு வலித்தது என்பது. நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி கிடையாது, மாநிலம் முழுவதற்கும் லிங்கன் நகரத்தில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழக அணிதான். மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து டிக்கெட் விற்றுத் தீராத ஆட்டம் ஒன்றுகூட இல்லை. சுமார் 85,000 பேர் நிறைந்த ஒரு சனிக்கிழமையில், ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்தபடியாக மாநிலத்தில் அதிகம் பேர் கூடியிருக்கும் இடம் அந்த ஸ்டேடியம்தான். பாப் டெவேனி காலத்தில் 1970, 1971 என்று இரண்டு தேசியப் பட்டம், டாம் ஆஸ்போர்ன் காலத்தில் 1994, 1995, 1997 என்று மூன்று. ஆஸ்போர்ன் 25 வருடத்தில் ஜெயித்தது 255 ஆட்டம். 1969-லிருந்து 2001 வரை, 33 வருடம் தொடர்ந்து, ஒவ்வொரு சீசனிலும் குறைந்தது 9 வெற்றி. வெற்றி எண்ணிக்கை 9-க்குக் கீழே இறங்கிப் பார்க்காமலேயே ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து ஆளானது.

அந்தப் பழக்கம்தான் பிறகு கெடுதலாகவும் முடிந்தது. 2003-ல் கோச் ஃப்ராங்க் சோலிச் 9-3, அதாவது 9 வெற்றி 3 தோல்வி, என்று வைத்திருந்தபோது அனுப்பப்பட்டார், 2014-ல் போ பெலினியும் அதே 9-3-ல் அனுப்பப்பட்டார். 9 வெற்றி போதாது என்று அனுப்பினார்கள், அதன் பிறகு 9-ஐப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மைக் ரைலி வந்தார், மூன்றாவது வருடம் 4-8. அந்த நேரத்தில்தான் 2017 டிசம்பரில் ஃப்ராஸ்ட் வந்தார். அவர் லிங்கனில் பிறந்து, அதே மாநிலத்தில் வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்து, 1997 பட்டம் வென்ற அணியில் குவார்ட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவராக, ஆடியவர். 2015-ல் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் 0-12 என்று கிடந்த சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை எடுத்து இரண்டே வருடத்தில் 13-0 ஆக்கியவர். இதைவிடப் பொருத்தமான ஆளை யாராலும் கற்பனை செய்திருக்க முடியாது. 7 வருட ஒப்பந்தம், மொத்தம் 35 மில்லியன் டாலர். முதல் மூன்று வருடம் 4-8, 5-7, கொரோனா வருடமான 2020-ல் 3-5. நம்பிக்கை தேய்ந்துகொண்டு வந்தாலும் நம்ம ஊர்ப் பையன் என்ற பாசம் மட்டும் போகவில்லை. அந்த மனநிலையில்தான் 2021 தொடங்கியது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அணி எடுத்தது 335, கொடுத்தது 272. மூன்று வெற்றி ஃபோர்டம் 52-7, பஃபலோ 28-3, நார்த்வெஸ்டர்ன் 56-7, இவற்றில் மட்டும் வித்தியாசம் +119. ஒன்பது தோல்வியிலும் சேர்த்து இழந்தது 56 புள்ளிதான், ஒரு தோல்விக்குச் சராசரி 6 சொச்சம். ஒன்பதில் எட்டு ஒரே ஸ்கோர் ஆட்டம். மிச்சம் இருக்கும் ஒன்று ஒஹாயோ ஸ்டேட்டிடம் 26-17, அதுவும் 9 புள்ளி வித்தியாசம்தான். 10 புள்ளிக்கு மேல் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் நன்றாகவே இருக்க, பட்டியலில் கடைசியில் கிடக்கும் அணி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளியை வைத்து எத்தனை ஜெயித்திருக்க வேண்டும் என்று கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 7 வெற்றிக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

அந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது, பலவீனமான அணிகளை 45, 49 வித்தியாசத்தில் அடித்ததும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இன்னொரு பக்கம் எதிராளிகள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இவர்களை ஜெயித்த 9 அணிகளில் இல்லினாய் தவிர மற்ற 8 அணிகளும் அந்த சீசனை 9 அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றியோடு முடித்தன. மிச்சிகன் 12, ஓக்லஹோமா, மிச்சிகன் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் மூன்றும் தலா 11, ஐயோவா 10, மினசோட்டா, பர்டூ, விஸ்கான்சின் தலா 9. இத்தனை வலுவான அணிகளோடு கடைசி நிமிடம் வரை மல்லுக்கட்டிய அணியை மோசமான அணி என்று என்னால் சொல்ல முடியாது. தடுப்பாட்டம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, அந்தப் பையன்களுக்கு அதற்கான பெயர் கிடைக்காமலே போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

அப்படியானால் ஆட்டங்கள் எங்கே போயின? ஒன்றிரண்டை நிதானமாகப் பார்த்தால்தான் புரியும்.

ஆகஸ்ட் 28, சீசனின் முதல் ஆட்டம், இல்லினாயின் மைதானத்தில். முதலில் அயர்லாந்தில் டப்ளினில் நடப்பதாக இருந்து இங்கே மாற்றப்பட்ட ஆட்டம். நெப்ராஸ்காவின் ஆள் எதிரணியின் பன்ட்டைத் தன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார். அங்கே பிடிக்காமல் விட்டாலே போதும், எண்ட் ஸோனுக்குள் உருண்டு போனால் 20-வது யார்டிலிருந்து சௌகரியமாக ஆரம்பிக்கலாம். பிடித்தவர் பின்னால் நகர்ந்து மாட்டிக்கொண்டு, எண்ட் ஸோனிலிருந்து பந்தைத் தூக்கி எறிந்துவிட்டார், சேஃப்டி, 2 புள்ளி போனது. இடைவேளைக்குச் சற்று முன்னால் குவார்ட்டர்பேக் அட்ரியன் மார்ட்டினெஸ் கையிலிருந்து பந்து நழுவ, அதை எடுத்துக்கொண்டு எதிராளி 41 யார்டு ஓடி டச் டவுன். 30-22. அந்த வருடம் இவர்கள் தோற்ற அணிகளில் பலவீனமானது இதுதான், நான் எக்காரணம் கொண்டும் மன்னிக்காத தோல்வியும் இதுதான்.

செப்டம்பர் 18, ஓக்லஹோமாவில். 1971-ல் இந்த இரண்டு அணிகளும் ஆடிய, நூற்றாண்டின் ஆட்டம் என்றே இன்றும் அழைக்கப்படும் ஆட்டத்தின் 50-வது ஆண்டு, அன்று 35-31 என்று ஜெயித்தது நெப்ராஸ்கா. இந்தத் தடவை எதிரே நாட்டில் 3-வது இடத்தில் இருந்த அணி. டச் டவுன் போட்டாயிற்று, 1 புள்ளிக்கான உதை பாக்கி, அதைத் தடுத்து, தடுத்த பந்தை எடுத்துக்கொண்டு மறு எல்லை வரை ஓடி ஓக்லஹோமா 2 புள்ளி எடுத்துவிட்டது. ஒரே உதையில் 3 புள்ளி திசை மாறியது. ஃபீல்ட் கோல் முயற்சிகளும் தவறின. முடிவு 23-16. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: அதே உதைப்பவர் முந்தைய வருடம்தான் நெப்ராஸ்கா ஆடும் லீக்கான பிக் டென் கான்ஃபரன்ஸின் சிறந்த உதைப்பவர் விருது வாங்கியவர். ஒரு வருடத்தில் ஒரு மாணவனின் கால் இப்படி மாறும் என்று எந்தக் கோச்சும் எதிர்பார்த்திருக்க முடியாது. துரதிர்ஷ்டம் என்று நான் ஒத்துக்கொள்வது இந்த மாதிரி விஷயத்தைத்தான்.

அடுத்த வாரம் மிச்சிகன் ஸ்டேட்டில் நடந்ததற்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டாம் பாதி முழுக்க நெப்ராஸ்காவின் தடுப்பாட்டம் எதிரணிக்கு ஒரு முதல் டவுன்கூடக் கொடுக்கவில்லை, அதாவது அரை ஆட்டம் முழுக்க அவர்களால் ஒரு தடவைகூட அந்த 10 யார்டைத் தாண்ட முடியவில்லை. ஸ்கோர் 20-13, இன்னும் 4 நிமிடம்கூட இல்லை, பன்ட் அடிக்க வேண்டும். எந்தப் பக்கம் உதைக்கப் போகிறோம் என்பது முன்கூட்டியே முடிவாகி, துரத்திப் பிடிக்க வேண்டிய பத்துப் பேரும் அந்தப் பக்கத்தை நோக்கி ஓடுவார்கள். அன்று எல்லோரும் வலப்பக்கம் ஓட, பந்து இடப்பக்கம் போனது. அங்கே ஜேடன் ரீட் என்ற ஆட்டக்காரர், எதிரே கிட்டத்தட்ட ஆளே இல்லாமல், 62 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். 20-20. ஓவர்டைமில் மார்ட்டினெஸ் எறிந்த பந்து எதிராளி கையில் போய்ச் சேர, ஒரு ஃபீல்ட் கோலில் 23-20 என்று முடிந்தது. அந்த இரண்டாம் பாதி மாதிரி தடுப்பாட்டம் ஆடிவிட்டு ஒரு அணி தோற்பது மிக மிக அபூர்வம்.

இதன் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன், இல்லையென்றால் முடியாது. அக்டோபர் 9, லிங்கனில், அதுவரை தோற்காத மிச்சிகனுக்கு எதிராக 29-29, இன்னும் 1 நிமிடம் 45 விநாடி, பந்து நம் கையில், மார்ட்டினெஸ் முன்னேறப் பார்க்கும்போது எதிராளி பந்தைப் பிடுங்கிவிட, 39 யார்டு ஃபீல்ட் கோல், 32-29. மினசோட்டாவிடம் 30-23. பர்டூவிடம் நான்கு இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்து நான்கு தடவை எதிராளி கையில் போனது, 28-23. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 26-17. விஸ்கான்சினில் ஆட்டத்தின் முதல் உதையையே எதிரணி 91 யார்டு ஓடி டச் டவுன் ஆக்கியது, கடைசி வரை துரத்தி 35-28.

கடைசி ஆட்டம், நவம்பர் 26, ஐயோவா. மார்ட்டினெஸுக்குத் தோளில் காயம், மாற்று ஆள் லோகன் ஸ்மதர்ஸ் ஆடுகிறார், நன்றாகவே ஆடுகிறார், மூன்றாவது கால் பகுதியில் 21-6. ஐயோவா முதலில் ஒரு ஃபீல்ட் கோல் எடுத்தது. நான்காவது கால் பகுதியில் ஒரு பன்ட்டைத் தடுத்து, தடுத்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடி டச் டவுன். அப்புறம் ஒரு சேஃப்டி. அப்புறம் இன்னொரு ஃபீல்ட் கோல், இன்னொரு டச் டவுன். 21-6 என்று இருந்தது 28-21 ஆனது, தொடர்ந்து 22 புள்ளி, பதிலுக்கு ஒன்றுகூட இல்லை.

இப்போது இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். இல்லினாயில் பன்ட் பிடித்ததில் 2, ஓக்லஹோமாவில் தடுக்கப்பட்ட உதையில் 3, மிச்சிகன் ஸ்டேட்டில் தப்பான பக்கம் போன பன்ட்டில் 7, விஸ்கான்சினில் முதல் உதையில் 7, ஐயோவாவில் தடுக்கப்பட்ட பன்ட்டில் 7. தோற்ற வித்தியாசம் வரிசையாக 8, 7, 3, 7, 7. கடைசி மூன்று ஆட்டத்தில் அந்த ஒரு உதையைக் கழித்துவிட்டாலே தோல்வி இல்லாமல் போகிறது. ஐந்தும் வேறு வேறு விதமான தவறு, வேறு வேறு ஆட்கள் என்பதால் தனித்தனியாகப் பார்க்கிறவருக்கு ஐந்து விபத்தாகத் தெரியும். ஆனால் ஐந்துமே ஒரே துறையில் நடந்தவை. பயிற்சியில் அந்தத் துறைக்கு எவ்வளவு நேரம், எந்த உதவிக் கோச்சின் பொறுப்பு, அதில் முதல் வரிசை ஆட்டக்காரர்களை இறக்குவதா இல்லையா என்பதெல்லாம் தலைமைக் கோச் எடுக்கும் முடிவு. தாக்குதல் ஆட்டத்தில் புதுப்புது உத்தி கண்டுபிடிப்பதில் ஃப்ராஸ்ட்டுக்கு இருந்த ஆர்வம் இதில் இல்லை என்பது நாலு வருடமும் பார்த்தவர்களுக்குத் தெரியும். பில் புஷ் என்பவரை ஸ்பெஷல் டீம்ஸ் பொறுப்பில் போட்டது 2021 சீசன் முடிந்த பிறகுதான்.

துரதிர்ஷ்டம் என்று வாதாடுகிறவர்கள் சொல்வது இது: ஒரே ஸ்கோர் ஆட்டம் என்பது நாணயம் சுண்டுவதற்குச் சமம், ஒரு வருடம் எட்டும் தோற்றால் அடுத்த வருடம் தானாகச் சரியாகும். பொதுவாக இது உண்மைதான், பெரும்பாலான அணிகளுக்கு நெருக்கமான ஆட்டங்களில் வெற்றியும் தோல்வியும் வருடத்துக்கு வருடம் சராசரியை நோக்கித் திரும்பும். ஆனால் ஃப்ராஸ்ட்டின் நெப்ராஸ்கா காலம் முழுவதையும் எடுத்தால் ஒரே ஸ்கோர் ஆட்டங்களில் 5 வெற்றி, 22 தோல்வி. நாணயத்தை 27 தடவை சுண்டினால் தலை 5 அல்லது அதற்கும் குறைவாக விழ வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. இதில் பல ஆட்டங்களில் எதிரணி வலுவானது, அதனால் சரிபாதி வாய்ப்பு என்று வைப்பது கொஞ்சம் தாராளம்தான், அதையும் கழித்துவிட்டாலும் இந்த எண்ணை அதிர்ஷ்டத்தின் மேல் போட முடியாது. 2021-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் துரதிர்ஷ்டம் மாதிரி இருக்கும், நாலு வருடத்தோடு சேர்த்துப் பார்த்தால் இருக்காது.

அடுத்து, அவரை வைத்துக்கொண்ட முடிவு. பல்கலைக்கழகத்தின் அப்போதைய புது விளையாட்டுத் துறைத் தலைவர் ட்ரெவ் ஆல்பர்ட்ஸும் பழைய நெப்ராஸ்கா ஆட்டக்காரர்தான், 2021 ஜூலையில்தான் பொறுப்புக்கு வந்திருந்தார். நவம்பர் 8-ம் தேதி, ஒஹாயோ ஸ்டேட் தோல்விக்கு இரண்டு நாள் கழித்து, ஃப்ராஸ்ட் அடுத்த வருடமும் தொடர்வார் என்று அறிவித்தார். சம்பளம் 5 மில்லியனிலிருந்து 4 மில்லியனாகக் குறைந்தது, தாக்குதல் பக்கத்து உதவிக் கோச்சுகளில் நாலு பேரை அன்றே அனுப்பினார்கள். அனுப்பினால் கொடுக்க வேண்டிய இழப்பீடு 15 மில்லியனிலிருந்து 7.5 மில்லியனாக இறங்கும், ஆனால் 2022 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து. அந்த நேரத்தில் நான்கூட இது நியாயமான ஏற்பாடு என்று சொன்னவர்களின் வாதத்தைப் புரிந்துகொண்டேன்: அணி யாரிடமும் அடி வாங்கவில்லை, பையன்கள் கோச்சுக்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள், நாலு உதவிக் கோச்சை மாற்றினால் அந்த 6 புள்ளி வந்துவிடும். ஆனால் பாருங்கள், அனுப்பியது தாக்குதல் பக்கத்து ஆட்களை. ஆட்டங்கள் போனது பெரும்பாலும் உதையிலும், கடைசி 5 நிமிடத்தில் எடுத்த முடிவுகளிலும். அந்த முடிவுகளுக்குச் சொந்தக்காரர் தலைமைக் கோச்.

2022 எப்படிப் போனது என்பதைப் பார்த்தால் அந்தக் கணக்கு தப்பு என்பது தெரிந்துவிடும். முதல் ஆட்டம் டப்ளினில், முந்தைய வருடம் 56-7 என்று நசுக்கிய அதே நார்த்வெஸ்டர்னோடு. 28-17 என்று முன்னணியில் இருக்கும்போது ஃப்ராஸ்ட் திடீரென்று ஆன்சைடு கிக் அடிக்கச் சொன்னார், அதாவது பந்தைக் குட்டையாக உதைத்துத் தாங்களே திரும்ப எடுக்கப் பார்ப்பது. பின்தங்கி இருக்கும் அணி வேறு வழியில்லாமல் செய்கிற காரியம் அது. பந்து நார்த்வெஸ்டர்னுக்குப் போனது, ஆட்டம் திரும்பியது, 31-28. அந்த சீசன் முழுவதும் நார்த்வெஸ்டர்ன் ஜெயித்தது அந்த ஒரே ஒரு ஆட்டம்தான், 1-11. இரண்டு வாரம் கழித்து லிங்கனில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42. சொந்த மைதானத்தில் 35 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்தபோதெல்லாம் நெப்ராஸ்கா அதுவரை 214 தடவையும் ஜெயித்திருந்தது, 215-வது தடவை தோற்றது. மறுநாள் செப்டம்பர் 11, ஃப்ராஸ்ட் அனுப்பப்பட்டார். மூன்று வாரம் பொறுத்திருந்தால் 7.5 மில்லியன் மிச்சம், பொறுக்க முடியாமல் முழு 15 மில்லியனையும் கொடுத்தார்கள். நாலு வருடம் சொச்சத்தில் அவருடைய கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி.

ஆகவே 2021 நவம்பரில் அவரை வைத்துக்கொண்டது சரியா என்றால், இல்லை. ஒருவேளை ஒவ்வொரு ஆட்டமும் 25 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தால் அந்த மாதமே முடிவெடுத்திருப்பார்கள், ஒரு வருடமும் ஒரு தலைமுறை மாணவர்களின் கடைசி சீசனும் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் கோச்சை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். மேட் ரூல் வந்த 2023-ல் அணி 5-3 என்று நல்லபடி போய், சீசனுக்குப் பிந்தைய பௌல் போட்டிக்குத் தகுதி பெற இன்னும் ஒரே ஒரு வெற்றி வேண்டும் என்ற நிலையில் கடைசி நாலையும் தோற்றது: மிச்சிகன் ஸ்டேட் 20-17, மேரிலண்ட் 13-10, விஸ்கான்சின் ஓவர்டைமில் 24-17, ஐயோவா 13-10. அந்த வருட முதல் ஆட்டத்தில் மினசோட்டாவிடமும் இதே 13-10. கோச் வேறு, ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் வேறு, நோய் மட்டும் அதே மாதிரி. இதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம், பத்து வருடத்தில் நாலு கோச்சுகளைப் பார்த்த அணியில் ஒவ்வொருவரும் வேறு விதமான ஆட்டத்துக்காக ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள், அடிப்படைப் பழக்கங்கள் படிந்து நிற்க யாருக்கும் வருடம் போதவில்லை என்பதுதான். 2024-ல் விஸ்கான்சினை 44-25 என்று ஜெயித்து, 2016-க்குப் பிறகு முதல் முறையாக பௌல் போட்டிக்குப் போய், நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தார்கள். 7-6 என்ற கணக்குக்கு அந்த ஊர் ஆனந்தப்பட்டதைப் பார்த்தபோது, 9-3 போதாது என்று கோச்சுகளை அனுப்பிய காலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தோன்றியது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அட்ரியன் மார்ட்டினெஸைப் பற்றி. மேலே நான் எழுதியதை மட்டும் படித்தால் பாதித் தோல்விக்கு அந்தப் பையன்தான் காரணம் என்று தோன்றும், அந்த நேரத்தில் நிறையப் பேர் அப்படித்தான் திட்டினார்கள். நாலு வருடம் அந்த அணியின் குவார்ட்டர்பேக் அவர். மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தில் தாடை உடைந்தது, அதோடுதான் அடுத்தடுத்த வாரங்களும் ஆடினார், வெளியே தெரிந்தது பிறகுதான். ஓட வேண்டியதும் அவர், எறிய வேண்டியதும் அவர், முன்னால் இருக்கும் தடுப்பு வரிசை உடையும்போது அடி வாங்க வேண்டியதும் அவர். இவ்வளவையும் ஒருவர் மேல் ஏற்றிவிட்டுக் கடைசி நிமிடத்தில் பந்து நழுவுகிறது என்று ஆச்சரியப்படுவதில் என்ன நியாயம்? சீசன் முடிந்ததும் அவர் பக்கத்து மாநிலத்தில் கான்சாஸ் ஸ்டேட்டுக்கு மாறினார். அங்கே நல்ல தடுப்பு வரிசை இருந்தது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட டூஸ் வான் என்ற அருமையான ரன்னிங் பேக் இருந்தார், மார்ட்டினெஸ் தேவையான அளவு மட்டும் செய்தால் போதும் என்று அமைத்திருந்தார்கள். பர்டூவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு இன்டர்செப்ஷன் கொடுத்தவர், அந்த 2022 சீசன் முழுவதும் கொடுத்தது ஒன்றே ஒன்று. செப்டம்பர் 24-ம் தேதி, நெப்ராஸ்கா 23-16 என்று தோற்ற அதே ஓக்லஹோமா மைதானத்தில், தானே ஓடி நாலு டச் டவுன், எறிந்து ஒன்று, 148 யார்டு ஓட்டம், கான்சாஸ் ஸ்டேட் 41-34 என்று ஜெயித்தது.